பொதுத் தொட்டி, பொதுக் கிணறு, பொது மாடி: சென்னை அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

சுற்றுச்சூழலுக்குத் தீங்கு குறைந்த வாழ்க்கைமுறைக்கு மாற நினைக்கும் அடுக்ககக் குடும்பத்தின் கையில் இருப்பவை சிலவே. அதன் குப்பை கீழே உள்ள பொதுத் தொட்டிக்குப் போகிறது. தண்ணீர் பொதுச் சம்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி எல்லா வீட்டுக் குழாய்களுக்கும் இறங்குகிறது. மழையும் வெயிலும் விழும் மொட்டை மாடி எல்லோருக்கும் சொந்தம். மூன்றாம் மாடியில் ஒருவர் காய்கறித் தோலைத் தனியாகச் சேர்த்து வைத்தாலும், கீழே இருப்பது ஒரே தொட்டி என்றால் அந்த உழைப்பு கொட்டிய நொடியிலேயே வீணாகிவிடும். அடுக்ககங்களில் வீட்டின் முடிவுக்கு முன்னால் சங்கத்தின் முடிவு வரவேண்டியிருக்கிறது. அந்த முடிவுகள் எவை, எந்த வரிசையில் எடுக்கத் தக்கவை என்பதே இம்மடலின் பொருள்.

முதலிடம் சமையலறைக் குப்பைக்கு. சென்னை மாநகராட்சி நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை அள்ளுகிறது. பல பத்தாண்டுகளாக வடசென்னையின் குப்பை கொடுங்கையூரிலும் தென்சென்னையின் குப்பை பெருங்குடியிலும் கொட்டப்பட்டு வந்தது. பெருங்குடிக் கிடங்கு உருவானது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே. மழைக்காலத்தில் தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் நிலம் அது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. சுற்றியிருந்த குடியிருப்புகள் அந்தப் புகையைத்தான் சுவாசித்தன. பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து நிலத்தை மீட்கும் பணி இப்போது இரு கிடங்குகளிலும் பெரும் பொருட்செலவில் நடக்கிறது. ஒரு பக்கம் மீட்டுக்கொண்டே மறுபக்கம் கலந்த குப்பையைக் கொட்டினால் அந்தப் பணிக்கு முடிவு வராது.

வீட்டுக் குப்பையில் பாதிக்கும் மேல் மக்கும் குப்பை. அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர். காகிதம், பிளாஸ்டிக், துணி, கண்ணாடி ஆகியவற்றோடு சேர்ந்து அது ஒரு பையில் கட்டப்படும்போது இரண்டு கேடுகள் நேர்கின்றன. குழம்பில் நனைந்த காகிதத்தையும் சோறு ஒட்டிய பால் கவரையும் எந்தக் காயலாங்கடையும் வாங்காது என்பதால், விலை போகக்கூடிய பொருள்களும் வெறும் குப்பையாகின்றன. கிடங்கின் அடியில் காற்றுப் படாமல் புதைந்த சோறும் தோலும் அழுகி மீத்தேனாக மாறுவது இரண்டாவது. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. கிடங்குத் தீக்கு எரிபொருளாவதும் அதுவே. குப்பையிலிருந்து வடியும் கரிய கசிவுநீர் நிலத்தடி நீரில் கலப்பது தனிக் கேடு. காய்கறித் தோல் தன்னளவில் யாருக்கும் கெடுதல் செய்யாத பொருள். அதைப் பிற குப்பையோடு கலக்கும் செயலே அதை நஞ்சாக்குகிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டுத் தீங்குக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பைக் குப்பையை உண்டாக்குவோர் மேலேயே வைத்தன. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் வளாகங்கள் மொத்தக் கழிவு உற்பத்தியாளர்கள் என்ற வகைக்குள் வந்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் எல்லைக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. பெரிய வளாகங்கள் பலவும் இதை மாநகராட்சியின் வேலையாகவே கருதிவருகின்றன. அந்த எண்ணம் மாறாமல் மற்ற எதுவும் தொடங்காது.

நாற்பது வீடுள்ள ஒரு வளாகத்தை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ மக்கும் குப்பை என்று வைத்தால் மொத்தம் 30 கிலோ. உரமாகும்போது இதன் எடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வாகன நிறுத்தத்தின் ஓரத்திலோ பின்கட்டுச் சந்திலோ, கூரை போட்ட நான்கைந்து கம்பி வலைக் கூண்டுகள் அல்லது காற்று போக ஓட்டை விட்ட செங்கல் தொட்டிகள் இதற்குப் போதும். ஒன்று நிரம்பியதும் அடுத்ததற்கு மாறவேண்டும். கடைசிக் கூண்டு நிரம்பும் காலத்தில் முதல் கூண்டின் உரம் சலிக்கத் தயாராகிவிடும். சென்னையின் வெப்பத்தில் இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

உரம் ஆவதும் நாற்றம் ஆவதும் ஈரம், காற்று, உலர்ந்த பொருள் ஆகிய மூன்றின் அளவைப் பொறுத்தவை. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனோடு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். சமையலறைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி. கார்பனைத் தருபவை உலர்ந்த சருகும் தென்னை நார்க்கழிவும். ஆகவே ஒவ்வொரு முறையும் காய்கறிக் கழிவின் மேல் ஏறத்தாழ அதே கொள்ளளவு சருகைப் பரப்ப வேண்டும். வளாகத்து வேம்பும் புங்கனும் உதிர்க்கும் இலைகளைப் பெருக்கிக் கொளுத்துவது சென்னையில் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. உரக் கூண்டு வைத்த வளாகத்தில் அந்தச் சருகு தட்டுப்பாடான சரக்காகிவிடும். தொடக்கத்தில் சிறிது பழைய உரமோ புளித்த மோரோ தெளித்தால் வேலை விரைவாகத் தொடங்கும். துர்நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்து காற்று குறைந்துவிட்டது என்று பொருள்: சருகு சேர்த்துக் கிளறினால் ஓரிரு நாளில் அடங்கும். எறும்பு மொய்த்தால் குவியல் உலர்ந்துவிட்டது. தண்ணீர் தெளிக்க வேண்டும். வெளிர்நிறப் புழுக்களைக் கண்டு பெரும்பாலான வளாகங்கள் முயற்சியைக் கைவிடுகின்றன. அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈ என்னும் பூச்சியின் புழுக்கள். கழிவை விரைவாகத் தின்று தீர்ப்பவை; மனிதருக்கு நோய் பரப்பாதவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையில்லாத கூண்டு சேறாகிவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே கருதவேண்டும்.

வீட்டுக்குள் செய்யவேண்டியது சிறிது. சமையலறைத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் பையை விரிக்கும் வழக்கத்தை விட்டு, செய்தித்தாளை மடித்துப் போடலாம். பழத்தோல், முட்டை ஓடு, காபிச் சக்கை, டீத்தூள், பூ, வாழையிலை எல்லாம் போகலாம். இளநீர்க் கூடும் சிரட்டையும் மக்க மிக நீண்ட காலம் எடுப்பதால் தனியே வைக்கவேண்டும். மீன் செதிலும் எலும்பும் சிறு கூண்டுகளில் பூனை, எலித் தொல்லையை இழுக்கும். அவற்றைத் தனியே கட்டி மாநகராட்சி வண்டிக்குக் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. பின்கட்டே இல்லாத ஆறு வீட்டு, எட்டு வீட்டு அடுக்ககங்கள் கூண்டு வைக்க முடியாமல் போகலாம். பால்கனியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மண்பானை உரத்தொட்டி அங்கே பொருந்தும். அதுவும் இயலாவிட்டால், பிரித்த குப்பையைப் பிரித்தபடியே மாநகராட்சிப் பேட்டரி வண்டியில் சேர்ப்பதும் பெரிய காரியம்தான். மாநகராட்சியின் சிறு உர மையங்களுக்கும் உயிரி எரிவாயு நிலையங்களுக்கும் வேண்டியது கலப்பில்லாத அந்தக் குப்பையே.

கூண்டைக் கிளறுவது யார் என்பதைச் சங்கங்கள் பெரும்பாலும் பேசாமலே விடுகின்றன. வளாகத்தைப் பெருக்கும் அம்மாவின் தலையிலோ காவலாளியின் தலையிலோ இது கூடுதல் ஊதியம் இல்லாமல் ஏற்றப்படுகிறது. அது நியாயமும் ஆகாது, நீடிக்கவும் செய்யாது. நாளுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேர வேலை இது. அதற்குத் தனி ஊதியம், கையுறை, கைகழுவ இடம் ஆகியவை மாதப் பராமரிப்புக் கணக்கில் ஏறவேண்டும். பயன்படுத்திய நாப்கினும் டயப்பரும் காகிதத்தில் சுற்றி, சிவப்புக் குறியிட்டுத் தனியே வைக்கப்படவேண்டும் என்பதும் இதே நியாயத்தின் பகுதி. இன்னொரு மனிதர் வெறுங்கையால் தொட்டுப் பிரிக்க நேரும் எதையும் ஒரு வீடு கலந்து அனுப்பக்கூடாது. உடைந்த கண்ணாடி, காலாவதியான மருந்து, ஊசி, பேட்டரி, டியூப்லைட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மக்காத குப்பையைப் பொறுத்தவரை விலை போவது எது, போகாதது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கழுவிக் காயவைத்த பால் கவர், அட்டைப்பெட்டி, செய்தித்தாள், பெட் பாட்டில், தகரம், அலுமினியம் ஆகியவற்றைக் காயலாங்கடை வாங்கிக்கொள்ளும். பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எடுக்காமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறி ஊற்றுவது நல்ல பழக்கம். அந்தச் சின்னத் துண்டுகள் எவர் கைக்கும் அகப்படாமல் சாக்கடைக்குப் போய்விடுகின்றன. சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பூ உறைகள் பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் வாங்குவார் இல்லை. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதைத் தவிர நல்ல வழி இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆனாலும் தெருமுனைக் கடையில் பை கேட்டால் கிடைக்கிறது; கேட்பவர் குறைந்தால்தான் அது நிற்கும். மக்கும் பை என்று அச்சிட்டு விற்கப்படுபவற்றில் பலவும் தொழிற்கூட வெப்பநிலையில் மட்டுமே மக்குபவை. வளாகக் கூண்டில் அவை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் துணிப்பை, தூக்கு, எவர்சில்வர் டப்பா ஆகியவற்றைக் கையோடு எடுத்துப்போவதற்கு இணையாக எந்தப் புதுப் பொருளும் இல்லை. சங்கத்தின் அளவில் ஒரு நல்ல முதலீடு உண்டு: பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் பொதுவாக எவர்சில்வர் தட்டும் தம்ளரும் வாங்கி வைப்பது. ஒருமுறை வாங்கினால் இருபது ஆண்டுக்கு மேல் வரும். வீட்டு விசேஷங்களுக்கும் இரவல் கொடுக்கலாம்.

தண்ணீருக்கு வந்தால், 2019-ஐச் சென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அந்த ஜூனில் ஏறத்தாழ வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். நகரம் இன்று பெருமளவு சார்ந்திருக்கும் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் எடுப்பவை. லாரித் தண்ணீரில் பெரும்பங்கு புறநகர்க் கிராமங்களின் கிணறுகளிலிருந்து வருகிறது. திறந்துவிட்ட குழாயில் ஓடுவது யாரோ ஒரு விவசாயியின் நிலத்தடி நீராகவோ, நிலக்கரி எரித்து உப்பு நீக்கிய கடல்நீராகவோ இருக்கக்கூடும்.

அடுக்ககத்துக்கு அருகிலேயே இருக்கும் நீராதாரம் அதன் மொட்டை மாடி. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். 5,000 சதுர அடி மாடி என்றால் ஏறத்தாழ 465 சதுர மீட்டர். விழும் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் ஆண்டுக்கு 5 லட்சம் லிட்டருக்கு மேல் வரும். 12,000 லிட்டர் லாரிகளாக எண்ணினால் நாற்பதுக்கும் மேல். மழைநீர் சேகரிப்பைப் பழைய கட்டடங்கள் உட்பட எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கி 2003-இல் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது அமைத்த குழாய்கள் பெரும்பாலான கட்டடங்களில் இன்றும் தொங்குகின்றன. அவற்றுள் எத்தனை வழியே தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. வடிகட்டித் தொட்டியின் சரளையும் மணலும் ஆண்டுக்கணக்கில் கழுவப்படாமல் இறுகிக் கிடக்கின்றன. சில இடங்களில் மாடிக் குழாய் தெருவின் மழைநீர் வடிகாலில் இணைக்கப்பட்டுவிட்டது.

ஆண்டுக்கொருமுறை, புரட்டாசி முடிவதற்குள், மாடியைப் பெருக்கி, குழாய் வாயின் வலையைச் சுத்தம்செய்து, சரளையை வெளியே எடுத்து அலசிப் போடவேண்டும். முதல் ஓரிரு மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து பிடிக்கலாம். மண்ணின் தன்மையையும் பார்க்கவேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பாங்கில் ஆழமில்லாத உறிஞ்சு குழியே போதும். களிமண் உள்ள இடங்களில் அந்தக் குழியில் நீர் தேங்கிக் கொசு வளரும். களி அடுக்கைத் தாண்டி இறங்கும் உறை கிணறு வேண்டும். மூடிக்கிடக்கும் பழைய திறந்த கிணறு வளாகத்தில் இருந்தால் அதுவே மிகச் சிறந்த சேகரிப்பிடம். கடலோரத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. நிலத்தடி நன்னீர் குறையும் அளவுக்குக் கடல்நீர் உள்ளே ஏறும். மீஞ்சூர்ப் பகுதியில் அப்படித்தான் ஏறியது. கிணற்றில் இறக்கும் மழைநீர் அந்த உப்பைத் தள்ளி நிறுத்துகிறது.

தண்ணீர்ச் செலவைக் குறைப்பதில் பலன் தருவது அளவீடு. நகர்ப்புறத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் திட்ட அளவு. தன் வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்பது அடுக்ககத்தில் எவருக்கும் தெரியாது. லாரிச் செலவு எல்லோர் தலையிலும் சமமாக விழுவதால் குறைக்கத் தூண்டுதலும் இல்லை. வீடுதோறும் தண்ணீர் மீட்டர் வைத்து, பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் வாங்குவதே நேர்மையான முறை. பழைய கட்டடங்களில் ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு குழாய்கள் தனித்தனியே இறங்குவதால் ஒவ்வொன்றுக்கும் மீட்டர் வேண்டியிருக்கும். செலவு கூடினாலும் லாரி வாங்கும் வளாகங்களில் அது திரும்பக் கிடைத்துவிடும்.

வீட்டுக்குள் கவனிக்கவேண்டியவற்றில் முதலாவது கழிப்பறைத் தொட்டிக் கசிவு. கண்ணுக்கும் காதுக்கும் தெரியாமலே அது நாளுக்குப் பல நூறு லிட்டரை வெளியேற்றக்கூடும். தொட்டிக்குள் சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு அரை மணி நேரம் பார்த்தால், ஃபிளஷ் அழுத்தாமலே பீங்கானில் நிறம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். குழாய் முனையில் காற்றுக் கலப்பான் பொருத்தினால் ஓட்டம் பாதிக்கும் கீழே வரும். பாத்திரம் கழுவுவதில் வேறுபாடு தெரியாது. வீட்டு ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஆர்ஓ தேவையில்லை. புறஊதாக் கதிர் வடிகட்டியோ கொதிக்கவைத்தலோ போதும். மெட்ரோ வாட்டர் வரும் வீட்டினர் ஆர்ஓ வாங்குவதற்கு முன் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே வைத்திருப்போர் வெளியேறும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். உப்பு மிகுந்தது என்பதால் செடிக்கு ஊற்றக்கூடாது.

மின்சாரத்தைப் பற்றிப் பலருக்கும் தெரிந்தவை மிகுதி, ஆகவே சுருக்கமாக. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. சென்னைக்கு அதன் விலை எண்ணூரில் தெரிகிறது: அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தில் மீனவர்களின் பிழைப்பு நசிந்தது. 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் பிஎல்டிசி விசிறி போட்டு நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டினால், ஒரு விசிறியில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 யூனிட் மிஞ்சும். ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் அமைவனத்தின் கணக்கு. புது ஏசிகள் 2020 முதல் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. மின்விசிறியோடு சேர்த்து 26-இல் வைத்தால் பெரும்பாலோருக்கு உறக்கம் கெடாது. சங்கத்தின் பொறுப்பில் வருபவை பம்ப் மோட்டார், லிஃப்ட், நடைபாதை விளக்கு. தொட்டி நிரம்பி மாடியில் வழிந்தோடும் வளாகத்தில் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தே வீணாகின்றன. ஒரு தானியங்கி மிதவை சுவிட்ச் இரண்டையும் நிறுத்தும்.

சூரிய மின்சாரத்துக்கு மீண்டும் மொட்டை மாடிக்கே வரவேண்டும். ஒரு கிலோவாட் தகட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தேவை. சென்னையில் அது நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அடுக்ககத்தில் தடையாக நிற்பது பணத்தைவிட உடன்பாடு. மாடி எல்லோருடைய பிரிக்கப்படாத பங்கில் அடங்கியது என்பதால் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். அங்கே துணி உலர்த்துவோரும் வடகம் பிழிவோரும் தோட்டம் போடுவோரும் எதிர்ப்பது இயல்பு. அவர்களுடைய தேவையும் சுற்றுச்சூழலுக்கு நல்லதே. வெயிலில் உலரும் துணி மின்சாரமே இல்லாமல் உலர்கிறது. கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று பால்கனிக் கொடியையும் மாடிக் கொடியையும் தடைசெய்யும் விதி சில புது வளாகங்களில் இருக்கிறது. துணி உலர்த்தும் இயந்திரத்தை வாங்கவைக்கும் அந்த விதியைச் சங்கங்கள் நீக்கிவிடலாம். தகடுகளைத் தரையோடு பதிக்காமல் எட்டடி உயரச் சட்டத்தின் மேல் பொருத்தினால் மாடியின் பயன்பாடு குறையாது, தளமும் சூடேறாது. சட்டத்துக்குச் செலவு சற்றுக் கூடும், காற்றழுத்தம் தாங்கும்படி பொறியாளரைக் கொண்டு வடிவமைக்கவேண்டும்: 2016 டிசம்பரில் வந்த வர்தா போன்ற புயல்கள் இந்தக் கடற்கரைக்குப் புதியவை அல்ல. அப்படி அமைத்த தகட்டின் கீழே கொடி கட்டலாம். கீரைத் தொட்டிகளை அரைநிழலில் வைக்கலாம். தகடுகளில் வழியும் மழையை அதே சேகரிப்புக் குழாய்க்குத் திருப்பிவிடலாம்.